பன்னிரண்டு இலக்கமும் நான் வைத்த பெயரும்

போன மாதம் பிரியா போன் பண்ணினாள். ஆபீஸில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். "அம்மா, புது மிஷின் வந்திருக்கு. மனுவைக் காட்டினாப் போதும், ஆதார் நம்பர் எந்த மூலையில இருந்தாலும் அதுவே கண்டுபிடிச்சு மறைச்சிருது. உங்க நோட்டுல எழுதி வச்சிருந்ததை எல்லாம் அதுக்குப் பாடமாக் குடுத்துட்டோம். அந்த நோட்டு எப்படி வந்துச்சுன்னு நம்ம ஊழியர் சங்க மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

"ஏன்டி, ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தவளையும் விட மாட்டியா?" என்று கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஜில்லென்றுதான் இருந்தது. பொய் சொல்லுவானேன்? நம்மை ஒருத்தி மறக்காமல் கேட்கிறாளே என்கிற சந்தோஷம் அது. எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நோட்டைப் பற்றி எழுதினால் ஒரு தப்பைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அந்தத் தப்பு வேறு யாருடையதும் இல்லை, ஜெயராணியாகிய என்னுடையதுதான்.

சர்வீஸ் முழுக்க எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். சித்தையன்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். பக்கத்து ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து திண்டுக்கல்லில் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணி, தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தேன். மிஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது, என் கருப்பு முடி போய் நரை வந்தது. கடைசிப் பத்து வருஷம் மனுக்கள் பிரிவு. ஆபீஸ் பேர் வேண்டாம். திண்டுக்கல்லில் ஆபீஸுக்கா பஞ்சம்?

மனுக்கள் பிரிவுக்கு நான் போனபோது அங்கே இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வாங்கும் மனுக்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைப்பார்கள். 'மனு 1', 'மனு 2', 'புதுசு', 'புதுசு 2' என்று பெயர் வைப்பார்கள். கேட்டால் ஒன்றும் கிடைக்காது. சரி, ஆள் பெயரை வைக்கலாம் என்றால் எங்கள் ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் ஒரு பழனியம்மாள், எழுந்தால் ஒரு பழனிச்சாமி. ஒரே ஊரில் அப்பா பெயரும் ஒன்றாகவே இருக்கிற பழனியம்மாள்கள் மூன்று பேரை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பழனியம்மாளுக்குப் போக வேண்டிய பதில் இன்னொரு பழனியம்மாளுக்குப் போய், அந்த அம்மா வந்து கவுண்டரில் ஆடின ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

அன்றைக்குத்தான் என் மண்டையில் பல்பு எரிந்தது. பெயர்தானே ஒன்றாக இருக்கிறது? ஆதார் நம்பர் ஆளுக்கு ஒன்றுதானே? அதையே ஃபைலுக்குப் பெயராக வைத்தேன். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், வெறும் பன்னிரண்டு இலக்கம். மனுதாரர் வந்து நம்பரைச் சொன்னால் கண் மூடித் திறப்பதற்குள் ஃபைல் கையில். மற்றப் பிரிவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்தார்கள். "ராணியம்மா மூளையே மூளை" என்றார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்போது அதில் தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஃபைல் எங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டி வெளியே போகாத காலம் அது.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது சுப்பிரமணி சார் அதிகாரியாக வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம். வாய் திறந்தால் 'ங்க' இல்லாமல் முடியாது. டீ கொண்டுவருகிறவரிடமும் "ஏனுங்க, சக்கரை கம்மிங்களா?" என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றி மேஜையில் நிமிர்த்தி வைப்பார். மூடி நிற்கிறதைப் பார்த்தாலே நாங்கள் அவரவர் நாற்காலிக்கு ஓடிவிடுவோம்.

அவர் வந்த கையோடு ஒரு திட்டம் கொண்டுவந்தார். மனுவையும் அதற்குக் கொடுத்த பதிலையும் ஒரு இணையப் பக்கத்தில் போட்டுவிடுவது. தெருவிளக்கு, சாக்கடை, பட்டா என்று எந்த வார்த்தையைப் போட்டுத் தேடினாலும் எந்தத் தெருவுக்கு என்ன பதில் வந்தது என்று ஜனங்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஊரும் தெருவும் தெரியும். மனுதாரரின் பெயர், போன் நம்பர், ஆதார் நம்பர் மூன்றும் தெரியக் கூடாது. யாருடைய மனு என்றே தெரியாதபோது தெரு தெரிந்து என்ன ஆகப்போகிறது? அதுதான் கணக்கு.

ஆதார் நம்பரைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் கொடுத்தார்கள். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான்கு நான்காகப் பன்னிரண்டு இலக்கம் கண்டால் கருப்பு அடிக்கும். சாணார்பட்டி பக்கத்துக்காரர் ஒருவர் மாடு செத்ததற்கு நிவாரணம் கேட்டு எழுதியிருந்தார். மாட்டுக் காதில் மாட்டுகிற தோட்டிலும் பன்னிரண்டு இலக்க நம்பர் உண்டு. மென்பொருள் மாட்டின் நம்பரைப் பத்திரமாக மறைத்துவிட்டு, மாட்டுக்காரர் நம்பரை அப்படியே விட்டுவிட்டது. அவர் அதைப் போன் நம்பர் சொல்கிற மாதிரி ஐந்து, ஐந்து, இரண்டு என்று பிரித்து எழுதியிருந்தார். செத்த மாட்டின் மானத்தைக் காப்பாற்றிய ஆபீஸ் என்று பிரியா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

சார் சிரிக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "ராணியம்மா, மிஷினு விட்டதை எல்லாம் இதுல எழுதுங்க. ஜனங்க எப்படி எல்லாம் எழுதுறாங்கன்னு நமக்குத்தான் தெரியும், அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

அப்படி வந்ததுதான் அந்த நோட்டு. மனுவைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். மேலிருந்து படித்தால் கதையில் மனசு போய்விடும், நம்பர் கண்ணில் படாது. கீழிருந்து படித்தால் கதை புரியாது, நம்பர் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். செய்து பார்த்தேன், நிஜம்தான். வரி முடிகிற இடத்தில் பாதி உடைந்து அடுத்த வரிக்குப் போன நம்பர், சைபருக்குப் பதில் ஆங்கில 'ஓ' போட்ட நம்பர், ரேஷன் கார்டு நகலின் ஓரத்தில் பென்சிலில் கிறுக்கின நம்பர் என்று நோட்டு நிறைந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பன்னிரண்டையும் தமிழ் எண்களிலேயே எழுதியிருந்தார். அவரை என்ன சொல்வது? கும்பிட்டுவிட்டு நோட்டில் ஏற்றினேன்.

பூஜ்யத்திலோ ஒன்றிலோ ஆரம்பித்தால் அது ஆதார் இல்லை என்று சார் சொன்னார். கரண்ட் இணைப்பு நம்பராக இருக்கும், வேறு எதுவாகவோ இருக்கும். கடைசி இலக்கம் சும்மா வருவதில்லை. முதல் பதினொன்றையும் ஒரு அட்டவணையில் ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டு போனால் பன்னிரண்டாவது எது என்று தானாக வந்து நிற்கும். அந்த அட்டவணையை அட்டையில் ஒட்டி என் மேஜையில் வைத்தார். ஒரு நாள் ஒரு நம்பர் பொருந்தவில்லை. "இது ஆதார் இல்ல சார், விட்டுரலாம்" என்றேன். பேனா மூடி நின்றது. "ஏனுங்க, எழுதுன கை ஒரு இடத்துல தப்பியிருக்கும். மீதிப் பதினொண்ணு சரிதானுங்களே? பக்கத்துல ஆதார்னு எழுதியிருந்தா தப்பான நம்பரையும் மறைச்சுருங்க" என்றார். மனுஷன் மூளை எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

அந்த நாட்களில் ஒரு திங்கட்கிழமைதான் செல்வி வந்தாள். செல்வி என்பது அவள் பெயர் இல்லை, நான் வைத்தது. ரேஷன் கார்டைப் புது விலாசத்துக்கு மாற்றச் சொல்லி மனு. கூட ஏழாவது படிக்கிற மகள். கார்டு எங்கே என்று கேட்டேன்.

"எல்லாம் அந்த ஆள்கிட்ட இருக்கும்மா. உசிரு பொழைச்சா போதும்னு கட்டுன சேலையோட வந்துட்டோம். ஆதார் நம்பரு மட்டும் மனப்பாடமாத் தெரியும்" என்று ஐந்து, ஐந்து, இரண்டாகச் சொன்னாள். நெற்றி ஓரத்தில் தையல் போட்ட தழும்பு இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முந்தானையால் மறைத்தாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு ஊரு மாறிட்டோம். ரெண்டு ஊருக்கும் தேடி வந்துட்டாரு. இந்த விலாசம் வெளியில தெரியாதுல்லம்மா?"

"நான் இருக்கேன்ல தாயி. ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது" என்றேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு, அவள் மனுவை ஸ்கேன் செய்து, வழக்கப்படி அந்தப் பன்னிரண்டு இலக்கத்தையே ஃபைலுக்குப் பெயராக வைத்தேன்.

இணையப் பக்கம் ஒரு வியாழக்கிழமை காலையில் திறந்தது. நோட்டு வைத்துப் பார்த்துப் பார்த்து மறைத்த மனுக்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வாக்கில் சார் அறையில் எல்லோரும் கூடியிருந்தோம். "சார், இப்பப் பாருங்க" என்று கம்ப்யூட்டர் முன்னால் நானே உட்கார்ந்தேன். எங்கள் தெருக் குடிதண்ணீர்க் குழாய்க்காக நானும் ஒரு மனு கொடுத்திருந்தேன். என் ஆதார் நம்பரைத் தேடும் கட்டத்தில் அடித்தேன். ஒன்றும் வராது, எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன்.

ஒரு மனு வந்தது. என் தெரு, என் குடிதண்ணீர்க் குழாய்.

மனுவைத் திறந்து பார்த்தோம். உள்ளே நம்பர் கருப்பாகத்தான் இருந்தது. எங்கிருந்து பிடித்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. பிரியாதான் மெதுவாகச் சொன்னாள். "அம்மா... ஃபைலோட பேரு." திரையில் அந்தப் பெயர் தெரியவே தெரியாது. ஆனால் தேடுகிற மிஷின் பெயரையும் சேர்த்துத்தான் தேடுகிறது. மென்பொருளும் நானும் நோட்டும் மனுவுக்கு உள்ளே மட்டும்தான் பார்த்திருந்தோம்.

எனக்கு உடனே செல்வி ஞாபகம்தான் வந்தது. அவள் புருஷனிடம் அவளுடைய ஆதார் கார்டு இருக்கிறது. அந்த ஆள் நம்பரை அடித்தால் போதும், அவள் ஊரும் தெருவும் வந்து நிற்கும். "சார், ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்து, செல்வி சொன்னதை எல்லாம் சொன்னேன்.

சார் பேனா மூடியைத் தொடக்கூட இல்லை. "முதல்ல பக்கத்தை மூடச் சொல்லுங்க. யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பிரியா மூடினாள். "காலையிலருந்து யார் யார் என்ன தேடுனாங்கன்னு பதிவு இருக்குமுங்களே, அதை எடுங்க." எடுத்தாள். பட்டா, பட்டா, தெருவிளக்கு, முதியோர் ஓய்வூதியம், சாக்கடை. பன்னிரண்டு இலக்கமாக இரண்டே இரண்டு. ஒன்று சற்று முன்னால் நான் அடித்தது. இன்னொன்று பதினொன்று ஐம்பதுக்கு அடித்தது. படிக்கும்போதே தெரிந்துவிட்டது. அவள் வாயால் கேட்ட நம்பர் அது.

அவள் கொடுத்திருந்த போன் அணைந்து கிடந்தது. சார் மகளிர் காவல் நிலையத்துக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். எந்தத் திசையில் போனோம் என்று சொல்ல மாட்டேன். வழி முழுக்க ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போனேன். மாதாவே, அந்த ஆள் இன்னும் வந்திருக்கக் கூடாது, வந்திருக்கக் கூடாது. வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே இரண்டு துணிப் பைகள் கட்டி வைத்தபடி இருந்தன. செல்வி அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு மகள் பக்கத்தில். இருவரும் முழுசாக இருந்தார்கள். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தாம்மா தேடுனேன்" என்றாள் செல்வி. "இன்னைக்கித் தொறக்குறாங்கன்னு சொன்னாங்க. பக்கத்து வீட்டுப் புள்ள போனை வாங்கி என் நம்பரைப் போட்டேன். எங்க தெருப் பேரு வந்துச்சு. ஸ்கூல்ல போயிப் பாப்பாவக் கூட்டிட்டு வந்துட்டேன். நாலரை பஸ்ஸுக்குக் கெளம்புறோம். எங்கன்னு கேக்காதீங்க. உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான்.

"தப்பு என்னுதுதான் தாயி. ஃபைலுக்கு அந்த நம்பரைப் பேரா வச்சது நான்தான்" என்றேன்.

"உங்களை நம்பித்தானம்மா குடுத்தேன். அம்புட்டுப் பேரு உக்காந்திருந்தாங்க, உங்க மொகத்தைப் பாத்துத்தானே குடுத்தேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நான் அழுதுவிட்டேன். அதிகாரி நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

சார் அவள் எதிரில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "ஏனுங்கம்மா, இன்னைக்கு உங்க நம்பரைத் தேடுனது நீங்க ஒருத்தர்தானுங்க. பக்கத்தை மூடியாச்சு. வேற ஆரும் பாக்கலீங்க" என்று தேடல் பதிவின் தாளையே அவள் கையில் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மகள் எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "அப்ப நாளைக்கிக் கணக்குப் பரீட்சை எழுதலாமாம்மா?" என்று கேட்டாள்.

செல்வி தாளைச் சாரிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எழுது" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "பையை அவுக்க மாட்டேன். திங்கக்கெழமை நானே வந்து பாப்பேன். என் கையால போட்டுப் பாத்து, வரலேன்னாத்தான் அவுப்பேன்."

திரும்பி வரும்போது சார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "திண்டுக்கல்காரங்க நீங்க. பூட்டைப் போட்டுட்டுச் சாவியை அதுலயே தொங்கவிட்டுட்டீங்களே." மறுநாள் எழுத்தில் விளக்கம் கேட்டார். நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே தன் கையால், 'கண்காணிக்க வேண்டிய நானும் கவனிக்கத் தவறினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். என் சர்வீஸில் இப்படி ஒரு அதிகாரியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நானும் பிரியாவும் ஃபைல் பெயர்களை மாற்றினோம். எந்த அர்த்தமும் இல்லாத வரிசை எண். எது யாருடையது என்கிற பட்டியல் பீரோவுக்குள். பிரியா, மொத்தமாக மாற்ற ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிச் செய்தாள். செய்ததை ஒவ்வொன்றாகத் திறந்து நான் பார்த்தேன். அந்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. சாமி கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். மற்றப் பிரிவுகளுக்கும் நடையாய் நடந்து, என் மூளையைப் பாராட்டியவர்களிடமே, அந்த மூளை செய்த காரியத்தைச் சொல்லி மாற்றச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை சொன்னபடி வந்தாள். வெளியே இன்னும் திறக்காத பக்கத்தை அவளுக்கு மட்டும் காட்டினோம். என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ஒரு விரலால் தேடித் தேடித் தன் பன்னிரண்டு இலக்கத்தையும் அடித்தாள். 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று வந்தது. நம்பவில்லை. ஐந்து, ஐந்து, இரண்டாக இடம் விட்டு அடித்தாள். இல்லை. நான்கு நான்காக அடித்தாள். இல்லை. மகள் நம்பரையும் அடித்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. எழுந்து, "சரிம்மா, போயிப் பையை அவுக்கணும். துணியெல்லாம் கசங்கிக் கெடக்கும்" என்றாள். சார் வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார்.

அன்றைக்குச் சார் போட்ட உத்தரவு இன்றைக்கும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பக்கத்தை வெளியே விடுவதற்கு முன்னால், மனுதாரர் யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்து தன் நம்பரைத் தானே தேடிப் பார்க்க வேண்டும். அது என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. புது மிஷினுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஆனால் அந்த உத்தரவைத் தூக்கவும் விட மாட்டோம் என்றாள் பிரியா. சந்தோஷமாக இருந்தது.

இந்தக் கட்டுரையை அவளுக்கு அனுப்பினேன். குறும்புக்காரி, இதையும் அந்த மிஷினில் போட்டுப் பார்த்திருக்கிறாள். "நீங்க பாஸும்மா. ஒரு நம்பரும் இல்லை, ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிருச்சு" என்று போன் பண்ணினாள்.

போனை வைத்துவிட்டு, சார் சொல்லிக்கொடுத்தபடி கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி ஒரு தடவை படித்தேன். செல்வி வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். வாசலில் என்ன மரம், கதவுக்கு என்ன நிறம், எதிரில் என்ன கடை என்று ஆசை ஆசையாக மூன்று வரி எழுதியிருந்தேன். நல்ல வரிகள்தான். மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.